ஆய்வேடு நூலாகும் வழி: பதிப்பகத்திற்குச் செல்லும் படியின் மொழியும் ஒழுங்கும்

தமிழ் ஆய்வு நூல்களுக்கு எழுதப்பெறும் மதிப்புரைகளில் இறுதிப் பத்தி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல் அமைகிறது. நூலின் பயன் பாராட்டப்பெறும். பின்னர், அச்சுப்பிழைகள் ஆங்காங்கே மலிந்துள்ளன, அடுத்த பதிப்பில் அவற்றை நீக்கினால் நூல் மேலும் சிறக்கும் என்று முடியும். ஆய்வு நூல்களுக்கு அடுத்த பதிப்பு என ஒன்று அரிதாகவே வருகிறது என்பது ஒருபுறம் இருக்க, அச்சுப்பிழை என்னும் சொல்லே இங்கு ஆராயத்தக்கது. அச்சுப்பிழை எனச் சுட்டப்பெறுவனவற்றுள் பெரும்பகுதி அச்சகத்தில் தோன்றியது அன்று. ஆசிரியர் பதிப்பகத்திற்கு அனுப்பிய படியிலேயே இருந்தது. அவற்றுள்ளும் பல எழுத்து மாறிய பிழைகள் அல்ல. மொழி பற்றிய முடிவு ஒன்றனை எடுக்காமல் விட்டதனால் நேர்ந்தவை. இக்கட்டுரை அத்தகைய சில இடங்களை மொழியியல் நோக்கில் காண முற்படுகிறது. முனைவர் பட்ட ஆய்வேடு நூலாக மாறும் நிலையே இங்கு முதன்மையாகக் கொள்ளப்பெறுகிறது. தமிழாய்வு நூல்களில் கணிசமான பகுதி இவ்வழியாகவே வருகிறது என்பது ஒரு காரணம். இச்சிக்கல்கள் அனைத்தும் அங்கு ஒருங்கே காணக்கிடைக்கின்றன என்பது மற்றொன்று.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் ஆசிரியரின் கையெழுத்துப்படியை அச்சுக் கோப்பவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். மெய்ப்புத் திருத்துபவர் அதனை மூலத்தோடு ஒப்பிட்டு மீண்டும் படித்தார். தேர்ந்த அச்சுக் கோப்பாளர் ஐயம் எழுந்த இடத்தில் ஆளனுப்பிக் கேட்பதுண்டு. அதாவது, நூல் வெளிவருமுன் ஆசிரியரல்லாத இருவராவது அதனை முழுமையாகப் படித்திருந்தனர். 1990களில் கணினி அச்சுக்கோப்புப் பரவியபின் நிலை மாறியது. இன்று ஆசிரியர் தட்டச்சிட்ட கோப்பே பக்கமாக மாறுகிறது. இடையிலிருந்த இரு வாசகர்களும் மறைந்தனர். அவர்கள் செய்த பணி எவரிடத்தும் ஒப்படைக்கப்பெறவில்லை. ஆகவே, பொருளைத் தருவது ஆசிரியர் கடன், வடிவத்தைத் தருவது பதிப்பகத்தின் கடன் என இன்றும் கூறப்பெறும் பழைய பாகுபாடு, அதனைத் தாங்கிநின்ற தொழில்முறை மறைந்தபின் பொருளற்றதாகிறது.

ஆய்வேட்டு நடை

ஆய்வேடு மூவர் அல்லது நால்வருக்காக எழுதப்பெறுகிறது. அவர்கள் அதனைப் படித்தே ஆகவேண்டியவர்கள். நூலைப் படிப்பவருக்கு அக்கட்டாயம் இல்லை. பத்தாம் பக்கத்தில் மூடிவிட அவருக்கு உரிமையுண்டு. இவ்வேறுபாடு நடையில் தெளிவாகப் பதிகிறது. ஆய்வின் நோக்கம், கருதுகோள், எல்லை, முன்னைய ஆய்வுகள், அணுகுமுறை, இயல் பகுப்பு எனத் தொடங்கும் முதலியல் தேர்வாளருக்குரியது. ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் இவ்வியலில் இன்னது ஆராயப்படுகிறது என்றும், இயலின் இறுதியில் தொகுப்புரை என்னும் தலைப்பில் இன்னது ஆராயப்பட்டது என்றும், நூலின் இறுதியில் முடிவுரையில் இவை யாவும் மூன்றாம் முறையாகவும் கூறப்பெறுகின்றன. ஒரு கருத்து மும்முறை அறிவிக்கப்பெற்று ஒருமுறை மட்டும் நிறுவப்பெறும் நிலை இது. சிலவற்றில் அந்த ஒருமுறையும் இல்லை.

மொழியியலாளர் இங்கு கவனிக்கவேண்டியது செயப்பாட்டு வினையின் பயன்பாடு. ஆராயப்படுகிறது, கருதப்படுகிறது, கூறப்படுகிறது, பெறப்படுகிறது என்னும் வினைமுற்றுகள் தொடர்ந்து வரும்போது கருதுபவர் யார் என்பது மறைகிறது. 'இச்சொல் வடமொழியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். கருதியவர் ஆய்வாளரா, அகராதியா, பொதுவழக்கா? மூன்றும் வெவ்வேறு மதிப்புடையவை. ஆய்வேட்டில் அடிக்குறிப்பு இவ்வினாவிற்கு ஒருவாறு விடை தந்திருக்கலாம். நூலாக்கத்தில் பக்கங்களைக் குறைக்கவேண்டி அடிக்குறிப்புகளை நீக்கும்போது, தொடர் எவருக்கும் உரிமையற்றதாகி நிற்கிறது. செயப்பாட்டு வினை தமிழுக்கு இயல்பன்று என்னும் பழைய வாதத்தை இங்கு எழுப்புவதற்கில்லை. எழுவாய்க்குரியவரைச் சொல்லாமல் விடுவதற்கு அவ்வமைப்பு தரும் வசதியே இங்கு சிக்கல். படியைத் திருத்தும் ஆசிரியர் ஒவ்வொரு 'படு' வினையையும் நிறுத்திச் செய்தவர் யார் எனக் கேட்டால், எத்தனை கூற்றுகள் தம்முடையவை அல்ல என்பது அவருக்கே புலப்படும்.

க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டின் வழிவந்த ஆங்கில நூல் 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. வீரயுகப் பாடல்கள் பற்றிய அந்நூலின் முடிவுகளை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். ஆனால் மறுப்பவரும் எதனை மறுக்கிறோம் என்பதை அறிந்தே மறுக்க முடிகிறது. கூற்று ஒவ்வொன்றும் ஆசிரியரின் கூற்றாக நிற்கிறது. நூலுக்குரிய முதல் தகுதி இதுவே எனலாம்.

சொற்பிரிப்பு

ஒரே படியில் 'வந்தபோது' என்றும் 'வந்த போது' என்றும், 'செய்துகொண்டு' என்றும் 'செய்து கொண்டு' என்றும், 'அவன்தான்' என்றும் 'அவன் தான்' என்றும் விரவி வருவது இயல்பாகிவிட்டது. இதனை அழகு பற்றிய செய்தியாகக் கருதிப் பதிப்பகத்தாரிடம் விட்டுவிடுகின்றனர். ஆனால், 'பறவையைப் பிடித்துவிட்டான்' என்பதும் 'பறவையைப் பிடித்து விட்டான்' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் 'விடு' துணைவினை. பிடித்தல் முற்றுப்பெற்றமையை உணர்த்துகிறது. பின்னதில் அது முதல்வினை, பறவை பறந்துபோயிற்று. பேச்சில் இவ்வேறுபாடு ஒலியழுத்தத்தாலும் இடையறவாலும் விளங்கும். எழுத்தில் அவ்விரண்டிற்கும் ஈடாக நிற்பது ஓர் இடைவெளி மட்டுமே. அதனைக் கண்டபடி பயன்படுத்துவோர் தம்மிடமுள்ள ஒரே கருவியையும் இழக்கின்றனர்.

வல்லெழுத்து மிகுதலும் இத்தகையதே. 'வேலை கொடுத்தான்' எனின் பணி அளித்தான். 'வேலைக் கொடுத்தான்' எனின் வேற்படையை அளித்தான். ஒற்றுப்பிழை என்னும் பெயரால் நாம் இகழ்ந்து ஒதுக்குவது வேற்றுமை உருபு உண்டா இல்லையா என்னும் தொடரியற் செய்தியாக இருக்கக்கூடும். எனினும், எல்லா ஒற்றும் இவ்வாறு பொருள் வேறுபடுத்துவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 'அங்குக் கண்டான்' என்பதில் ஒற்று இல்லாவிடினும் பொருள் கெடாது. ஒற்று மிகுவதற்கான விதிகளையெல்லாம் ஒரே அளவில் வற்புறுத்தும் இலக்கணக் கையேடுகள் ஆசிரியரைக் களைப்படையச் செய்கின்றனவேயன்றி எது இன்றியமையாதது என்பதைச் சொல்வதில்லை. தம் படிக்கு எவ்வளவு சந்தி வேண்டும் என்பதை ஆசிரியர் முடிவு செய்யலாம். முடிவு செய்தபின் முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை அதனைக் காக்கவேண்டும். மொழி அறக்கட்டளை வெளியிட்ட தமிழ் நடைக் கையேடு இவ்வகை முடிவுகளுக்கு உதவக்கூடியது. அதன் பரிந்துரைகள் அனைத்தையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஏற்காத இடங்களை ஒரு தாளில் எழுதி வைத்தால் அதுவே அந்நூலுக்குரிய நடைத்தாள் ஆகிவிடும்.

இப்பணியைக் கணினியின் ஒட்டுமொத்த மாற்றத்திடம் ஒப்படைப்போரும் உளர். 'வந்த போது' என்பதைச் சேர்த்தெழுதவேண்டி 'போது' என்பதற்கு முன்னுள்ள இடைவெளிகளையெல்லாம் நீக்கினால், 'இது போதும்' என்பது 'இதுபோதும்' ஆகிவிடும். 'சொன்ன படி' என்பதைத் திருத்தப் புகுந்தால் 'பழைய படிகள்' சேர்ந்துகொள்ளும். 'படி' வினையெச்சத் தொடரின் உறுப்பாகவும் பெயராகவும் வினையாகவும் வருவது. எது எங்கு என்பதை அறிவது இலக்கண அறிவு. தேடி மாற்றும் கருவிக்கு அது இல்லை.

மேற்கோளும் அதன் மூலமும்

சங்க இலக்கியத்திலிருந்து மேற்கோள் காட்டும் ஆய்வாளர் பலர் பாடல் எண்ணோடு நின்றுவிடுகின்றனர். எப்பதிப்பு என்பது கூறப்பெறுவதில்லை; கூறப்பெற்றாலும் துணைநூற்பட்டியலில் ஒரு பதிப்பும் மேற்கோளில் மற்றொரு பதிப்பின் பாடமும் காணப்பெறும். உ.வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூறு, எஸ். வையாபுரிப்பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940இல் வெளியிட்ட சங்க இலக்கியத் தொகுப்பு, 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் ஆகிய மூன்றும் மூன்று நோக்குடையவை. சமாஜப் பதிப்பு பாடல்களைப் புலவர் வரிசையில் அடுக்கியது. ராஜம் பதிப்பு பொதுவாசகர் எளிதிற் படிக்கும்பொருட்டுச் சந்தி பிரித்து அமைக்கப்பெற்றது. சந்தி பிரித்தல் என்பது பதிப்பாசிரியர் செய்த பொருள்கோள். சங்க நூல்களில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது எனக் கணக்கிடும் ஆய்வாளர் ராஜம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டால், அவர் எண்ணுவது புலவரின் சொற்களையும் பதிப்பாசிரியரின் முடிவுகளையும் சேர்த்தே என்பதை உணரவேண்டும். அதனை வாசகர்க்குச் சொல்லவும் வேண்டும்.

தொல்காப்பியத்தில் நிலை மேலும் நுட்பமானது. உரையாசிரியர்தொறும் நூற்பா எண்ணிக்கை வேறுபடுவதால், சொல்லதிகாரத்தில் இத்தனையாம் நூற்பா என்பது இளம்பூரணர் வழியா சேனாவரையர் வழியா எனக் கூறாவிடின் முகவரியற்ற கடிதமாகிறது. இக்கட்டுரையாளரிடம் கருத்துரைக்காக வந்த படி ஒன்றில் ஒரே நூற்பா மூன்று இடங்களில் மூன்று எண்களோடு காணப்பெற்றது. ஆய்வாளர் மூன்று இரண்டாம்நிலை நூல்களிலிருந்து அதனை எடுத்திருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அவ்வாய்வேடு பட்டம் பெற்றிருந்தது.

1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களிலிருந்து மேற்கோள் காட்டும்போது பழைய லை, னை, றா வடிவங்களை இன்றைய வடிவத்தில் தருவதில் தவறில்லை; அது வரிவடிவ மாற்றம் மட்டுமே. ஆனால் அதே துணிவில் பழைய உரைநடையின் சொற்பிரிப்பையும் நிறுத்தக்குறிகளையும் மாற்றிவிடுவது வேறு செயல். நிறுத்தக்குறி வரலாற்றை ஆராயும் ஒருவருக்கு அம்மேற்கோள் பயனற்றுப்போகும்.

எழுத்துருவும் ஒலிபெயர்ப்பும்

2000க்கு முன்னும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் தட்டச்சிடப்பெற்ற ஆய்வேடுகள் வெவ்வேறு நிறுவனங்களின் எழுத்துருக் குறியீடுகளில் உள்ளன. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய குறியீடுகளும், பின்னர் 2010இல் ஏற்கப்பெற்ற ஒருங்குறியும் இந்நிலையைப் படிப்படியாகச் சீர்செய்தன. எனினும் பழைய கோப்பை மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி அனுப்பும்போது கண்ணுக்குப் புலனாகாத பிழைகள் புகுகின்றன. ரகர மெய்க்குப் பதிலாகக் காலும் புள்ளியும் சேர்ந்த வடிவம் அமைவதுண்டு. 'அவா்கள்' என்பது தாளில் சரியாகவே தோன்றும், தேடினால் அகப்படாது. ஔகாரத்திற்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்பதும் அத்தகையதே. தாளில் மட்டும் வாழும் நூலுக்கு இவை தீங்கிழைக்கமாட்டா. மின்னூலாகவும் தரவாகவும் மாறும் நூலில் இச்சொற்கள் இல்லாதவை ஆகின்றன.

மொழியியல் நூல்களுக்கு இதனினும் பெரிய இடர் ஒலிபெயர்ப்பில் உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையில் ழகரம் கீழ்க்கோட்டாலும் ளகரம் கீழ்ப்புள்ளியாலும் லகரத்தினின்று வேறுபடுத்தப்பெறும். ஆசிரியரிடமுள்ள எழுத்துரு பக்க அமைப்பாளரிடம் இல்லாவிடின் கோடும் புள்ளியும் உதிர்ந்துவிடும். அப்போது வலி, வழி, வளி என்னும் மூன்று சொற்களும் உரோமன் எழுத்தில் ஒரே வடிவத்தைப் பெறுகின்றன. ந, ன, ண ஆகியவற்றிற்கும் ர, ற ஆகியவற்றிற்கும் இதே கதி. கிளைமொழிகளில் ழகரம் அடையும் மாற்றத்தை விளக்கும் இயல் ஒன்று இவ்வாறு அச்சாகுமாயின், மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒரே எழுத்து நிற்கும். ஆசிரியரின் பல்லாண்டுக் களப்பணி எதனையும் நிறுவாது. இதனை அச்சுப்பிழை என்று சொல்லிக் கடந்துபோக இயலுமா? படியோடு எழுத்துருவையும், பக்கங்களை மாறாமற் காட்டும் ஒரு நகலையும், சிறப்புக் குறிகள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் தொகுத்த பட்டியலையும் அனுப்புவது அரை நாளில் முடியும் பணி.

படங்கள், கல்வெட்டு ஒளிப்படங்கள், வரைபடங்கள் ஆகியவற்றிற்கு உரியவரிடம் எழுத்து வழி இசைவு பெறுவது பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கிறது என்பதையும், ஆய்வேட்டிற்கென அளித்த இசைவு விற்பனைக்குரிய நூலுக்குத் தானாகப் பொருந்தாது என்பதையும் நினைவிற் கொண்டால் போதும்.

பதிப்பகத்தின் பங்கு

இதுகாறும் கூறியவற்றால் குற்றம் முழுவதும் ஆசிரியர்மீது சுமத்தப்பெற்றதாகக் கொள்ளலாகாது. படி வந்ததும் அதனைத் துறையறிந்த ஒருவரிடம் அனுப்பிக் கருத்துரை பெற்று, ஏற்றோம் என்றோ மறுத்தோம் என்றோ காரணத்தோடு எழுதும் பதிப்பகங்கள் தமிழில் எத்தனை? க்ரியா எஸ். ராமகிருஷ்ணன் 2020இல் மறையும்வரை ஒரு படியோடு நீண்டகாலம் உழைக்கும் பதிப்பாசிரியராக விளங்கினார். 1992இல் வெளிவந்த தற்காலத் தமிழ் அகராதி அவ்வுழைப்பின் பெரும் சான்று. ஆனால் அவர் பெயரே மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டாகக் கூறப்பெறுவது அத்தகையோர் எவ்வளவு அரியர் என்பதையே காட்டுகிறது. மறுபுறம், ஆசிரியரிடமே அச்சுச் செலவைப் பெற்றுக்கொண்டு, அவர் தரும் கோப்பை அவ்வாறே பக்கமாக்கிச் சில வாரங்களில் நூலாகத் தரும் நிறுவனங்கள் பெருகியுள்ளன. 2010ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழு விதிமுறைகள் பதவி உயர்விற்கு மதிப்பெண் முறையைக் கொணர்ந்து, அதில் பன்னாட்டுத் தர நூலெண் பெற்ற நூல்களுக்கு இடமளித்தன. அவ்விதிமுறைகள் பின்னர் மாற்றப்பெற்றன. அவை தோற்றுவித்த பழக்கம் மாறவில்லை. நூலெண் என்பது நூலை அடையாளங்காட்டும் எண்; இந்தியாவில் கட்டணமின்றி வழங்கப்பெறுவது. அதனைத் தரத்தின் முத்திரையாகக் கொண்டதில் ஆசிரியர், பதிப்பகத்தார், தேர்வுக்குழுவினர் ஆகிய மூவருக்கும் பங்குண்டு. படியை எவரும் படிக்கவேண்டிய தேவையே இல்லாமற்போன சூழலில் அதனைச் செப்பம் செய் என்று இளம் ஆய்வாளரிடம் கூறுவது சற்றுக் கூச்சத்தைத் தரவே செய்கிறது. ஆயினும் கூறவேண்டியுள்ளது, பத்தாண்டுகளுக்குப்பின் அந்நூலை எடுத்துப் பார்ப்பவர் தேர்வுக்குழுவினர் அல்லர், அதே பொருளை ஆராயும் மற்றோர் ஆய்வாளர்.

அவர் முதலில் புரட்டுவது பெரும்பாலும் நூலின் இறுதிப் பக்கங்களை. புறநானூற்றுப் பதிப்பில் பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு எனத் தனித்தனியே தொகுத்தளித்த சாமிநாதையர், படிப்பவர் நூலுக்குள் எவ்வாறு நுழைவார் என்பதை அறிந்திருந்தார். இன்றைய ஆய்வு நூல்களில் பொருளடைவோ சொல்லடைவோ இருப்பது விலக்காகிவிட்டது. இருப்பவற்றிலும் அடுக்குமுறை நகைப்பிற்குரியதாக அமைகிறது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பெற்ற குறியெண் வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசை அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிற்பட்டது. எனவே வெறும் குறியெண்படி அடுக்கினால் அனல், அறம், அலகு, அளவு, அழகு, அவை என வரும். நெடுங்கணக்குப்படி வரவேண்டியது அலகு, அவை, அழகு, அளவு, அறம், அனல். அகராதியில் அகம் என்பதற்கு முன் நிற்கவேண்டிய அக்கம் இங்கு பின்னே தள்ளப்பெறும். தமிழ் வரிசைக்கென அமைந்த அடுக்குவிதிகள் இப்போது பல மென்பொருள்களில் உள்ளன. அவற்றைத் தேர்ந்து இயக்கவேண்டும், இயக்கியபின் கண்ணாலும் ஒருமுறை பார்க்கவேண்டும். பெயர்களில் மற்றொரு சிக்கல்: சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. என மூன்று வடிவங்கள் நூலுள் வருமாயின் அடைவில் மூவராகிவிடுவர். தலைப்பெழுத்தை முன்னிட்டு அடுக்குவதா பெயரை முன்னிட்டு அடுக்குவதா என்பதும் படியைத் தொடங்கும்போதே முடிவுசெய்யவேண்டியது.

அடைவிற்குரிய சொற்களை ஆசிரியர் படியிலேயே குறித்து வைக்கலாம். பக்க எண்களை இறுதி மெய்ப்பு முடிந்து பக்கங்கள் உறுதியானபின்னரே இடமுடியும். அந்நிலையில் பதிப்பகத்தார் நூற்காட்சிக்கு நாள் குறித்திருப்பர். ஆசிரியரிடம் இரண்டு நாள் அவகாசம் இருக்கும். ஒப்பந்தத்தில் அடைவை யார் தொகுப்பது, எத்தனை நாளில் தருவது, அதற்குரிய பக்கங்கள் எத்தனை என்பன எழுதப்பெறுவதில்லை. ஆதலால் காலம் குறுகும்போது நூலிலிருந்து முதலில் கைவிடப்பெறுவது அதுவே. படியை அனுப்பும் கடிதத்திலேயே ஆசிரியர் இம்மூன்றையும் கேட்டு எழுதிப் பெற்றுக்கொள்ளலாம்.